மாமனுக்கு ஆகாத பல்

நாத்தனாரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை பேசும் அண்ணி எங்கள் மலையூர் ரிங்லெட்டில் நான் ஒருத்திதான் இருந்தேன். எழுபத்தொன்பதாம் வருஷம் மார்கழியில் நானும் அதை நிறுத்திவிட்டேன். தோட்டத்தில் கூடைக்குள் கோபிஸ் என்கிற முட்டைக்கோஸை அடுக்கும்போதும் திட்டினேன், வீட்டில் அடுப்பை மூட்டும்போதும் திட்டினேன். மனசுக்குள் திட்டினால் எனக்குத் திருப்தி வராது. வாய்விட்டுத்தான் திட்டுவேன். லெம்பா பெர்த்தாம் தோட்டத்தில் என்னோடு காய்கறி வேலை செய்தவர்கள் கோபிஸின் மேல் இலையை உரித்துக்கொண்டே ரசித்துக் கேட்டார்கள்.

நீலாவதி என் கணவர் வீரப்பனின் தங்கை. அப்பாவும் அம்மாவும் ஒரே வருஷத்தில் போய்ச் சேர்ந்துவிட, சின்னப் பிள்ளையாக இருந்த அவளை இவர்தான் வளர்த்தார். லோரியில் கிளீனராக வேலை பார்த்துக்கொண்டே சோறு வடித்து, சட்டை துவைத்து, தலை பின்னிவிட்டுப் பள்ளிக்கூடம் அனுப்பியிருக்கிறார். என்னைப் பெண் பார்க்க வந்த அன்றைக்கும் அவளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, இவளும் நம்மோடுதான் இருப்பாள் என்று எடுத்த எடுப்பிலேயே சொன்னார். தங்கையை விட்டுக்கொடுக்காத ஆள் பெண்டாட்டியையும் விட்டுக்கொடுக்க மாட்டான் என்று நினைத்துத்தான் நான் தலையை ஆட்டினேன்.

பிறகு அவளை மேலே தேயிலைத் தோட்டத்தில் சிவசாமிக்குக் கட்டிக்கொடுத்தோம். சிவசாமி தேயிலை ஃபேக்டரியில் இலை வாட்டும் மாடியில் வேலை. அதிர்ந்து பேசத் தெரியாத மனுஷன். வெகு வருஷம் பிள்ளை இல்லாமல் இருந்து, கார்த்திகையில் அவளுக்கு ஒரு பையன் பிறந்தான். எங்களுக்குப் பிள்ளை இல்லை. இல்லை என்று ஆகிப்போய், அதைப் பற்றிப் பேசுவதையும் நானும் அவரும் விட்டிருந்தோம். அதனால் அந்தப் பையன் எங்கள் இரண்டு வீட்டுக்கும் சேர்த்துப் பிறந்த மாதிரிதான் இருந்தது.

பிள்ளை பிறந்த சேதி வந்தபோது அவர் காய்கறி லோரியோடு ஈப்போ பாசாரில் இருந்தார். இறக்கியும் இறக்காமலும் மலையேறி வந்து, ஆஸ்பத்திரியில் பார்வை நேரம் முடிந்துபோக, கதவு இடுக்கு வழியாகத் துணி மூட்டையைப் பார்த்துவிட்டு வந்தார். அன்றைக்கு சலாஹுதீன் டீக்கடையில் உட்கார்ந்திருந்த அத்தனை பேருக்கும் தே தாரேக் வாங்கிக் கொடுத்தார். மருமகன் எப்படி இருக்கிறான் என்று கேட்டவர்களிடம், துணி நல்ல துணி என்று சொல்லியிருக்கிறார்.

தூக்குவதற்கு முப்பது ஆகட்டும் என்று அவரே தள்ளிப்போட்டார். எத்தனை தேய்த்துக் குளித்தாலும் தன் கையில் டீசல் வாடை போகாது, பச்சைப் பிள்ளைக்கு ஆகாது என்றார். எங்கள் பக்கத்தில் முப்பதாம் நாள் தீட்டுக் கழித்து, பேர் வைத்து, தாய்மாமன் மடியில் பிள்ளையைக் கிடத்தி முடி இறக்குவது வழக்கம். மாமன் மடி என்றால் மாமன் மடிதான். அதற்கு மாற்று ஆள் கிடையாது. அவர் தாப்பாவில் புது வேட்டி வாங்கி வைத்துக்கொண்டு நாளை எண்ணிக்கொண்டிருந்தார்.

நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் தோட்டத்துக்குப் போனோம். அவர்கள் குடியிருக்கும் லயத்து வாசலிலேயே நீலாவதி எங்களைப் பார்த்து முகம் வெளுத்துப்போனாள். அண்ணனுக்கு வெளியே பெஞ்சில் காப்பி கொடுத்து, பிள்ளை தூங்குகிறான் என்றாள். நான் உள்ளே போனேன். பிள்ளை தூங்கவில்லை. கண்ணை உருட்டி உருட்டி விழித்துக்கொண்டு கிடந்தான், மூக்குக்குக் கீழே ஒரு துண்டைப் போட்டு மூடியிருந்தாள். குளிருக்கு யாராவது வாயை மூடுவார்களா என்று நான் துண்டை விலக்கினேன். மேல் உதட்டின் நடுவில் சின்னதாக ஒரு கொப்புளம், ஓரத்தில் தோல் உரிந்து நின்றது.

என்ன நீலா, உதட்டில் கொப்புளம் என்றுதான் கேட்டேன். கேட்டு முடிப்பதற்குள் பிள்ளையை வெடுக்கென்று இழுத்துத் தோளில் போட்டுக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டாள்.  பிள்ளை இல்லாதவள் கண் பட்டு இன்னும் என்ன வருமோ என்று பயப்படுகிறாள், வேறென்ன? கல்யாண வீடுகளில், சீமந்த வீடுகளில் எத்தனையோ பேர் என்னைப் பார்த்துப் பிள்ளையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டிருக்கிறார்கள். அதெல்லாம் எனக்குத் தூசு. நீலாவதி செய்ததைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அடுத்த வாரம் சிவசாமி ரிங்லெட்டுக்குச் சாமான் வாங்க வந்தவன் எங்கள் வீட்டு வாசலில் நின்று, தரையைப் பார்த்துக்கொண்டு ஒரு சேதி சொன்னான். முப்பதைச் சின்னதாகச் செய்கிறார்களாம். அவனுடைய அண்ணன் மடியில் வைத்தே முடி எடுத்துக்கொள்கிறார்களாம். மச்சான் வேலையை விட்டுவிட்டுச் சூசாவும் சிரமமும் படவேண்டாமாம். அவன் போனதும் நான் என் கணவர் முகத்தைப் பார்த்தேன். அவர் சரி என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு லோரிக்குத் தண்ணீர் ஊற்றப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு அவர் தங்கை பேரையே எடுக்கவில்லை. சோற்றைப் பிசைந்து பிசைந்து வைத்துவிட்டு எழுந்துவிடுவார். நான் நீலாவதியைத் திட்டினால் மட்டும், விடு பவளம், அவளுக்கு என்ன கஷ்டமோ என்பார். அவளுக்கு என்ன கஷ்டம்? அண்ணனுடைய இடத்தைத் தூக்கி ஊரான் மடியில் போட அவளுக்கு எப்படி மனசு வந்தது? நான் மலடி என்றால் என்னை ஒதுக்கட்டும். என்னைக் கட்டிக்கொண்ட பாவத்துக்கு அவரையும் சேர்த்து ஒதுக்குவது என்ன நியாயம்? இதை நேரில் கேட்காமல் செத்தால் என் கட்டை வேகாது என்று முடிவு செய்தேன்.

முப்பதுக்கு முதல் நாள் காலையில் வேலைக்கு வரவில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டு, தோட்டத்து லோரியில் ஏறினேன். தோட்டத்துக்குப் பிரியும் முடக்கில் எங்கள் லோரி நின்றுகொண்டிருந்தது. அவர் இறங்கி, மட்கார்டில் சாய்ந்து, மேலே லயம் இருக்கும் பக்கமாகப் பார்த்துக்கொண்டு நின்றார். பனி மூட்டத்தில் அங்கிருந்து ஒரு தகரக் கூரைகூடத் தெரியாது. வெறும் வெள்ளையைத்தான் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார். அவர் என்னைக் கவனிக்கவில்லை. வழியில் நான் சேர்த்து வைத்திருந்த கோபம் போதாது என்று அதுவும் சேர்ந்துகொண்டது.

நீலாவதி அடுப்படியில் பிள்ளையைக் காலில் போட்டு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் துண்டை எடுத்து அவன் வாய்மேல் போட்டாள். எனக்கு வந்ததே ஆத்திரம்.

"நீலா, புள்ள இல்லாதவ கண்ணு பட்டுரும்னா சொல்லிரு. நான் வாசப்படி ஏறல. அவரை எதுக்கு ஒதுக்குற? ஒனக்கு அவரு அண்ணன் மட்டுமா? அப்பனும் ஆத்தாளுமா இருந்த மனுஷன்."

அவள் வாயைத் திறந்துகொண்டு என்னையே பார்த்தாள். "ஒங்க கண்ணா? அண்ணி, அப்படியா நெனச்சீங்க?" என்று கேட்டுவிட்டு, எண்ணெய்க் கையால் முகத்தை மூடிக்கொண்டு அழ ஆரம்பித்தாள். பிறகு எழுந்து பிள்ளையை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய், துண்டை எடுத்து, சுண்டு விரலால் அவன் மேல் உதட்டை மெதுவாகத் தூக்கிக் காட்டினாள்.

மேல் ஈறில் நடுவாக இரண்டு வெள்ளை. குருணை அரிசி அளவு இருக்கும். பக்கத்தில் பக்கத்தில், பல் வரிசை வைத்த மாதிரியே இருந்தது.

எனக்கு யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மேல் பல் முதலில் முளைத்தால் தாய்மாமனுக்கு ஆகாது என்பது எங்கள் ஆட்களில் யாருக்குத் தெரியாது? கீழ்ப் பல்தான் முதலில் வரவேண்டும். மேலே வந்தால் மாமனைத் தேடி வருகிறது என்பார்கள். அதுவும் ஒரு மாசம்கூட ஆகாத பிள்ளைக்கு. பக்கத்து வீட்டு வடிவம்மாள் பிள்ளைக்கு வசம்பு தேய்க்கும்போது பார்த்துச் சொல்லியிருக்கிறாள். ஊசியால் கெல்லி எடுத்துவிடலாம் என்று யோசனையும் சொன்னாளாம். பச்சை ஈறில் ஊசி வைக்க விடமாட்டேன் என்று நீலாவதி பிள்ளையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாளாம்.

அதிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை, தூக்கம் இல்லை. அண்ணன் தினமும் தாப்பா ரோட்டில், ஒரு பக்கம் மலையும் ஒரு பக்கம் பள்ளமுமாக லோரி ஓட்டுகிறவர். கீழ்ப் பல் முளைக்கிற வரைக்கும் பிள்ளையும் அண்ணனும் தொட்டுக்கொள்ளாமல் பார்த்துக்கொண்டால் ஆபத்து தாண்டிவிடும் என்று அவளாக ஒரு கணக்குப் போட்டிருக்கிறாள். அண்ணன் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை, உயிரோடு இருந்து கோபித்துக்கொள்ளட்டும் என்றாள். எனக்குச் சொன்னால் நான் பயந்துபோவேன் என்று சொல்லவில்லையாம். துண்டு போட்டு மூடியது என் கண்ணுக்குப் பயந்து இல்லை, நான் அந்த வெள்ளையைப் பார்த்துவிடக் கூடாது என்றுதான்.

நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். இத்தனை நாளாக நான் வாய் கிழியத் திட்டியவள் என் தாலிக்குக் காவல் இருந்திருக்கிறாள். அதை நினைத்து உருகியிருக்க வேண்டும். ஆனால் உள்ளதைச் சொல்கிறேன், முதலில் வந்தது பயம்தான். கீழே முடக்கில் நிற்கிற மனுஷனை எப்படியாவது இந்த லயத்துக்குள் வரவிடாமல் வீட்டுக்குக் கூட்டிப்போய்விட வேண்டும் என்று தோன்றியது. சிவசாமியின் அண்ணன் மடி ரொம்ப நல்ல மடி என்று தோன்றியது.

கொஞ்ச நேரம் கழித்துத்தான் புத்தி வேலை செய்தது. பல் என்றால் கடினமாக இருக்க வேண்டாமா? தொட்டுப் பார்த்தாயா என்று கேட்டேன். தொடப் பயமாக இருந்தது என்றாள். எனக்கும் பயம். வா, டிரெஸ்ஸரிடம் காட்டுவோம் என்று கிளப்பினேன். தோட்டத்து மருந்தகத்தில் இருந்த டிரெஸ்ஸர் பழனியப்பன் தலைவலி மாத்திரையிலிருந்து பிரசவம் வரைக்கும் எல்லாம் பார்க்கிறவர். நீலாவதிக்கு இத்தனை நாளும் அவரிடம் போக மனசு வரவில்லை. அவர் பல் என்று சொல்லிவிட்டால் அது பல்லாகவே ஆகிவிடும் என்று பயந்திருக்கிறாள்.

டிரெஸ்ஸர் கையைக் கழுவிக்கொண்டு, டார்ச் அடித்துப் பார்த்தார். விரலால் மேல் ஈறைத் தடவினார். பிள்ளை அவர் விரலைப் பிடித்துச் சப்பத் தொடங்கினான். இது பல்லே இல்லை என்றார் அவர். நிறையப் பிள்ளைகளுக்கு ஈறிலும் மேல் அண்ணத்திலும் இப்படி வெள்ளை முத்து இருக்கும், தானாகக் கரைந்து போகும், ஊசி கீசி வைத்தால் சீழ் பிடிக்கும், கிட்டேயே கொண்டுபோகாதே என்றார். உதட்டுக் கொப்புளத்தையும் காட்டினேன். அது பால் குடிக்கிற வேகத்தில் வருவது, ஒன்றும் போட வேண்டாம், தோல் தானாக உரிந்துவிடும் என்றார். நாக்கில் வெள்ளை படிந்து, துடைத்தாலும் போகாமல், பால் குடிக்க மறுத்தால் மட்டும் கொண்டுவரச் சொன்னார். பையன் பால் குடிப்பதில் ராட்சசன் என்று சொல்லிச் சிரித்தார்.

எனக்குப் போன உயிர் பாதி திரும்பி வந்தது. வெளியே வந்ததும் நீலாவதி என்னிடம் பிள்ளையைக் கொடுத்தாள். கையில் கொடுத்துவிட்டு முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். அவன் கனம் என் முழங்கையில் இறங்கிய நிமிஷம் எனக்குக் கண்ணில் தண்ணீர் கட்டிக்கொண்டது. திட்டியதற்கெல்லாம் மன்னிப்புக் கேட்கலாம் என்று வாயெடுத்தேன். அதற்குள் அவள் தேயிலைச் செடிகளைப் பார்த்துக்கொண்டு பழைய பயத்துக்கே போய்விட்டாள்.

டிரெஸ்ஸர் மருந்து படித்தவர், மாமனுக்கு ஆகுமா ஆகாதா என்று அவருக்கு என்ன தெரியும் என்றாள். அவர் சொல்வது சரியாகவே இருக்கலாம், ஆனாலும் அந்த வெள்ளை கரைந்து போகிற வரைக்கும் பொறுத்துக்கொள்வோம் என்றாள். நாளைக்குச் சிவசாமியின் அண்ணன் மடியே இருக்கட்டும் என்றாள்.

"ஒருவேள பல்லா இருந்துட்டா அண்ணி? எனக்கு இருக்கிறது ஒரே அண்ணன் லா."

எனக்கும் அந்த 'ஒருவேளை' உள்ளே இருந்தது. இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். மடியில் என்றைக்கு வேண்டுமானாலும் வைக்கலாம், முடி மறுபடி முளைக்கும், மறுபடி எடுக்கலாம் என்று ஒரு பக்கம் மனசு சமாதானம் சொன்னது. ஆனால் பனிக்குள் ஒன்றும் தெரியாத இடத்தைப் பார்த்துக்கொண்டு நின்ற அவர் முதுகும் எனக்குத் தெரிந்தது. எங்களுக்கு இனிமேல் பிறக்கப் போவதில்லை. மாமன் என்று மடியில் கிடத்த அவருக்கு இந்த ஒரு பிள்ளைதான் உண்டு. அவரை உயிரோடு வைத்துக்கொள்வதற்காக இப்படித் தெருவில் நிறுத்தி வைத்தால், வீட்டில் நடமாடப் போவது வெறும் கூடுதானே?

நான் நடு ரோட்டில் நின்றேன். பிள்ளை என் கழுத்துச் சங்கிலியைப் பார்த்து வாயைக் குவித்துக் குவித்துச் சப்புக்கொட்டிக்கொண்டிருந்தான்.

"பல்லாவே இருக்கட்டும் நீலா. தாலி எங் கழுத்துல இருக்கு. ஆகாதுன்னா மொதல்ல எனக்குத்தான் ஆகாது. நான் சொல்றேன், நாளைக்குப் புள்ளய அவரு மடியில போடு."

 அவள் என் தோளில் நெற்றியை முட்டுக் கொடுத்து நின்றாள். அவ்வளவுதான் அவள் சம்மதம்.

வீட்டுக்கு வந்து அவரிடம், நாளைக்கு லோரி எடுக்காதீர்கள், புது வேட்டியைக் கட்டுங்கள், முப்பதுக்குப் போகிறோம் என்று மட்டும் சொன்னேன். ஏன், எப்படி என்று ஒரு கேள்வி கேட்கவில்லை. சோப்புக் கட்டியை எடுத்துக்கொண்டு குளிக்கப் போனார். டீசல் வாடை போக அவர் தேய்த்த தேய்ப்பில் சோப்பு பாதியாகிவிட்டது.

மறுநாள் லயத்து வாசலில் பாய் விரித்து, முடி எடுப்பவர் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார். சிவசாமி ஓடிவந்து மச்சானின் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. அவனுக்கும் இத்தனை நாள் நெஞ்சில் பாரம்தான். இவர் பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். நீலாவதி பிள்ளையை எடுத்துக்கொண்டு வந்தாள். பாதி தூரம் வந்தவள் நின்றுவிட்டாள். என்னைப் பார்த்தாள். நான் தலையை அசைத்தேன். அவள் குனிந்து பிள்ளையை அவர் மடியில் கிடத்தினாள். கிடத்தியவள் கையை எடுக்காமல், அங்கேயே மண்டி போட்டு, எல்லாவற்றையும் அவரிடம் கொட்டிவிட்டாள். மேல் ஈறு, வடிவம்மாள், டிரெஸ்ஸர், ஒன்று விடாமல் சொன்னாள். அண்ணன் தன்னை மன்னிக்க வேண்டும் என்று அழுதாள்.

அவர் பிள்ளையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. பிள்ளை மேல் உதட்டைத் துருத்திக்கொண்டு அவரைப் பார்த்தான்.

"தெரியும்" என்றார்.

நாங்கள் இரண்டு பேரும் அவர் வாயைப் பார்த்தோம். வடிவம்மாளின் புருஷன் சின்னையா, நாங்கள் தோட்டத்துக்குப் போய் வந்த மறுநாளே சலாஹுதீன் கடையில் வைத்து இவரிடம் எல்லாவற்றையும் சொல்லி, ஜாக்கிரதையாக ஓட்டு என்று புத்திமதியும் சொல்லியிருக்கிறான்.

"தெரிஞ்சுதானாண்ணே வராம இருந்தீங்க? அப்ப ஒங்களுக்கும் பயமா?" என்று நீலாவதி கேட்டாள்.

"எனக்கென்ன பயம். நான் வந்தா நீ பயப்படுவ. தாயி பயந்தா பால் வத்திரும்னு சின்னையா சொன்னான். இவன் பசியில கெடக்க வேணாம்னுதான் வரல."

அந்த இடத்தில் என்னால் முடியவில்லை. சுற்றி நின்றவர்கள் முன்னால் வாய்விட்டு அழுதேன். அவர் சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டு எழுந்ததெல்லாம் மனத்தாங்கல் என்று நினைத்திருந்தேன். ஒரு பிள்ளைக்குப் பால் வற்றக் கூடாது என்று ஒருத்தர் தன் ஆசையை அடக்கிக்கொண்டு என் பக்கத்திலேயே படுத்துக் கிடந்திருக்கிறார், எனக்குத் தெரியவில்லை. என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று அழுகைக்கு நடுவிலேயே சண்டை போட்டேன். சொன்னால் நீ சின்னையாவைப் போய் அடித்திருப்பாய் என்றார். அதுவும் உண்மைதான்.

முடி எடுப்பவர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, நல்ல நேரம் போகிறது, யாராவது தலையைப் பிடியுங்கள் என்றார். என் கணவர் இரண்டு கையையும் பிள்ளையின் தலைக்குக் கீழே கொண்டுபோனார். தாப்பா ரோட்டு வளைவிலெல்லாம் ஆடாமல் ஸ்டீயரிங் பிடிக்கிற கை அது. கொண்டுபோன கையை அப்படியே பின்னுக்கு இழுத்துக்கொண்டார். 

"நீ வா பவளம்" என்றார். "எனக்குக் கை நிக்கல. நீ புடி."

நான் அவர் முழங்காலோடு முழங்கால் இடிக்க உட்கார்ந்து, அந்தச் சின்னத் தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.